கணையமே இல்லாதவருக்கு பாகற்காய் ஜூஸ் எதுக்கு?

ஒருத்தருக்கு சுகர் என்று தெரிந்துவிட்டால் போதும், நம்மூரில் ஆளாளுக்கு டாக்டர் ஆகிவிடுவார்கள். பாகற்காய் ஜூஸ், வெந்தயம், ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான் பொடி... பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஆபரேஷன் செய்து கணையத்தையே முழுசாக எடுத்துவிட்ட மனிதரிடமும் போய், "கணையத்தை நல்லா தூண்டிவிடுமாம், வெறும் வயித்துல குடிங்க" என்கிறார்களே, இவர்களை என்ன செய்யலாம்? இல்லாத உறுப்பை எப்படி ஐயா தூண்டுவது?

என் பெரியப்பாவுக்கு அப்படித்தான் எடுத்தார்கள். கணையத்தில் கல், வருஷக்கணக்கில் வலி. கேள்விப்பட்டவுடன் முதல் கேள்வி, "குடிப்பாரா?" அவர் பீரைக்கூடத் தொட்டதில்லை. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் குடிக்காதவர்களுக்கே, அதுவும் சின்ன வயதிலேயே, கணையத்தில் கல் சேர்கிற ஒரு வகை நோய் உண்டு. பல வருஷங்களாக மருத்துவ நூல்களில் இருக்கிற விஷயம்தான். ஆனால் நம்ம எல்லாம் தெரிஞ்ச ஏகாம்பரங்களுக்கு அதெல்லாம் எதற்கு?

1889-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கி, ஃபான் மேரிங் என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை எடுத்துப் பார்த்தார்கள். அதற்கு சர்க்கரை நோய் வந்துவிட்டது. 1922-ல் டொரன்டோவில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இன்சுலின் போடும்வரை, கணையம் இல்லாமல் மனிதன் வாழ்வது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஆக, பெரியப்பாவுக்கு வந்த சுகர் இனிப்பு தின்று வந்ததல்ல, கத்தியால் வந்தது. வாயைக் கட்டினால் போய்விடும் என்பது சுத்த அபத்தம்.

அபத்தம் மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இது ஆளையே கொல்லக்கூடியது. கணையம் இன்சுலின் மட்டும் சுரப்பதில்லை. ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் கல்லீரலிலிருந்து எடுத்துவிடச் சொல்லும் குளுக்ககானையும் அதுதான் சுரக்கிறது. (நமக்கு பி.காம். மூளை, அதனால் இப்படிச் சொல்கிறேன்: பணம் வாங்குகிற கவுன்டர், பணம் கொடுக்கிற கவுன்டர் இரண்டையும் ஒரே நாளில் மூடிவிட்டார்கள்.) ஊசி போட்டு முதல் கவுன்டரைத் திறக்கலாம். இரண்டாவது மூடியேதான் கிடக்கும். அதனால் இவர்களுக்கு சர்க்கரை ஏறுவதைவிட திடீரென்று இறங்குவதுதான் பெரிய பயம். 70-க்குக் கீழே போனால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரை, கால் மணி நேரம் கழித்து மறுபடி டெஸ்ட்.

போன வருஷம் ஒரு கல்யாணம். பந்தி போடப்போகிறார்கள் என்று பெரியப்பா ஊசி போட்டுக்கொண்டார். பந்தி முக்கால் மணி நேரம் தாமதம். வியர்த்து, கை நடுங்கி, தட்டிலிருந்த லட்டை எடுத்தார். பக்கத்திலிருந்த சொந்தக்காரர் ஒருவர் "அய்யய்யோ, உங்களுக்கு சுகர்!" என்று பிடுங்கிக்கொண்டார். பெரியப்பாவுக்கு அதற்குள் நாக்கு குழற ஆரம்பித்துவிட்டது, எதிர்த்துப் பேச முடியவில்லை. அண்ணன் ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததால் தப்பினார். இன்னும் கொஞ்சம் தாமதமாகி மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றவும் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். அந்த உறவினர் இன்றுவரை தான் நல்லது செய்ததாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்!

அடுத்தது "எண்ணெயே தொடாதீங்க" கோஷ்டி. கொழுப்பைச் செரிக்கிற நொதியும் கணையத்தோடு போய்விட்டது என்பது உண்மை. அதற்குத்தான் கேப்சூல். அது போதாமல் போனால் மலம் எண்ணெய்ப் பிசுக்காக மிதக்கும், உடம்பு இளைக்கும், ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேராது. அப்போது டாக்டரிடம் போய் கேப்சூல் அளவைக் கூட்ட வேண்டும். ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருப்பவரைப் பட்டினி போடுவதா வைத்தியம்? அப்புறம், அது சாப்பிட்டு முடித்தபின் போடுகிற மாத்திரை இல்லை. முதல் வாய் சோற்றோடு போட வேண்டும். பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது என்று தெரிந்ததும் எங்கள் வீட்டிலேயே ஒருவர் முகம் சுளித்தார். முகம் சுளிக்கட்டும், கேப்சூலை நிறுத்தச் சொல்லாமல் இருந்தால் சரி.

கடைசியாக நம்ம சப்ஜெக்ட். 25,000 யூனிட் கேப்சூல் வேளைக்கு இரண்டு, இடையில் இரண்டு தடவை நொறுக்குத்தீனிக்கு ஒவ்வொன்று என்று வைத்தால் நாளைக்கு 8, வருஷத்துக்கு 2,920. இன்சுலின், ஊசி, டெஸ்ட் ஸ்ட்ரிப் எல்லாம் தனி. ஆபரேஷனுக்குப் பணம் கொடுக்கிற இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் பெரும்பாலானவை டிஸ்சார்ஜ் ஆகி இரண்டு மூன்று மாதத்தோடு கையைக் கழுவிவிடுகின்றன. கட்டடம் கட்ட லோன் கொடுத்துவிட்டு, கரண்ட் பில்லுக்கு நீயாச்சு என்கிற கதை. ஆயுசுக்கும் நிறுத்தக்கூடாத மருந்தை "வெளிநோயாளி செலவு" என்று எழுதி ஒதுக்குகிறவர்களை ஏனென்று கேட்க ஒரு ஆள் இல்லை. பாகற்காய் ஜூஸ் சொல்ல மட்டும் ஊரே வருகிறது.