பி.காம். முடித்தவருக்கு வேலை வாங்கித் தருவது எது?

மூன்றாம் ஆண்டு வந்துவிட்டால் போதும், கல்லூரியில் எல்லாருக்கும் திடீரென்று 'ஆளுமை வளர்ச்சி' ஞாபகம் வந்துவிடும். வெளியூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வருவார். ஏ.சி. செமினார் ஹாலில் இருநூறு பேரை உட்கார வைப்பார்கள். கை குலுக்குவது எப்படி, டை கட்டுவது எப்படி, கண்ணைப் பார்த்துப் பேசுவது எப்படி என்று மாலை நாலு மணி வரை வகுப்பு நடக்கும். நடுவில் இரண்டு விளையாட்டு, ஒரு குட்டிக் கதை, சமோசா, டீ. கடைசியில் ஆளுக்கு ஒரு சான்றிதழ். 'தலைமைப் பண்புப் பயிற்சி பெற்றவர்' என்று அதில் அச்சாகியிருக்கும்.

அடுத்த மாதமே கேம்பஸ் இன்டர்வியூ. "நீங்கள் முன்னின்று நடத்திய ஒரு வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஹெச்.ஆர். கேட்பார். சான்றிதழ் ஃபைலில் இருக்கும். பதில் மட்டும் வாயில் வராது.

இது மாணவரின் கூச்சம் சம்பந்தப்பட்ட விஷயம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இது அனுபவம் சம்பந்தப்பட்ட விஷயம். வேலைக்குத் தகுதியும் தலைமைப் பண்பும் சொல்லிக் கொடுத்து வருபவை அல்ல, பொறுப்பைக் கொடுத்தால் வருபவை. இதில் இன்னொரு வேடிக்கை என்னவென்றால், வணிகவியல் மாணவர்களில் பலரிடம் அந்த அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மதிப்பு இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

பாடம் தெரிந்தால் போதுமா?

முதலில் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்ற கணக்கைப் பதினொன்றாம் வகுப்பிலேயே போட ஆரம்பித்துவிடுகிறார்கள். புத்தகத்தில் ஆறு வரிகள் கொடுத்திருப்பார்கள். எந்தக் காசோலை பணமாகவில்லை, வங்கிக் கட்டணம் எவ்வளவு என்று அதிலேயே எழுதியிருக்கும். ஒரு கடையின் உண்மையான வங்கி ஸ்டேட்மென்டில் ஒரு மாதத்துக்கு நானூறு வரிகள் இருக்கும். யூ.பி.ஐ. வழியாக 250 ரூபாய் வந்திருக்கும், யார் அனுப்பியது என்று தெரியாது. ஒரே தொகை இரண்டு முறை வந்திருக்கும். அதை உட்கார்ந்து தேடுவதும், கடைக்காரரிடம் பொறுமையாகக் கேட்பதும், கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று எழுதி வைப்பதும்தான் வேலை. இதற்குத் தேர்வில் மதிப்பெண் கிடையாது.

ஜி.எஸ்.டி.யும் அப்படித்தான். மாதாமாதம் தாக்கல் செய்யும் நிறுவனங்கள் ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவத்தை 11ஆம் தேதிக்குள்ளும், 3பி படிவத்தை 20ஆம் தேதிக்குள்ளும் கொடுத்தாக வேண்டும். சரக்கு விற்றவர் தன் பில்லை ஏற்றவில்லை என்றால் வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காமல் போகும். ஆகவே 9ஆம் தேதியே அந்த விற்பனையாளருக்கு போன் போட்டு, கோபப்படாமல், விடாமல் கேட்டு வாங்கும் ஒருவர் அந்த அலுவலகத்துக்குத் தேவை. இதற்குப் பேச்சுத் திறமை என்று பெயர் வைக்கலாம், பொறுப்பு என்றும் பெயர் வைக்கலாம். ஆனால் செமினார் ஹாலில் இதைப் பழக முடியாது.

போதாக்குறைக்குப் படித்த சட்டமும் அப்படியே இருப்பதில்லை. தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1 அன்று விற்பனை வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2017 ஜூலை 1 அன்று அதுவும் போய் ஜி.எஸ்.டி. வந்தது. 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி.யின் 12, 28 சதவீத அடுக்குகள் எடுக்கப்பட்டு, பெரும்பாலான பொருள்கள் 5, 18 என்ற இரண்டு அடுக்குகளுக்குள் வந்தன. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம், 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் வகையில் நிறைவேற்றப்பட்டது. இருபது வருடத்தில் இத்தனை மாற்றம். முதல் வருடத்தில் மனப்பாடம் செய்த பிரிவு எண்கள் மூன்றாம் வருடத்தில் பழைய பேப்பர் ஆகிவிடக்கூடும். புதிய அறிவிப்பைத் தானே எடுத்துப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தவர்தான் வேலையில் நிற்பார்.

தொழில் எப்படிக் கற்றுக்கொள்ளப்பட்டது?

நம் ஊர் வணிகத்துக்கு இது புதுச் செய்தி இல்லை. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டை நகரத்தார், பையன்களைச் சிறு வயதிலேயே கடையில் சேர்த்தார்கள். முதலில் பெட்டியடிப் பையன், பிறகு அடுத்தாள், பிறகு கடையை நடத்தும் ஏஜெண்டு, கடைசியில் சொந்தமாக முதலாளி என்று ஒரு ஏணி இருந்தது. கணக்கெழுதுவதும், கடன் கேட்டு வருபவரை எடைபோடுவதும், முதலாளிக்குக் கடிதம் எழுதுவதும் கடையிலேயே பழகியவை. சிறுவர் உழைப்பைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பொறுப்பு படிப்படியாகக் கூடிய அந்த முறையைத்தான் பார்க்க வேண்டும்.

இன்றும் அந்த முறை உயிரோடு இருக்கும் இடம் சி.ஏ. படிப்பு. ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்டிகிள்ஷிப் செய்யாமல் யாரும் சி.ஏ. ஆக முடியாது. முன்பு மூன்று ஆண்டுகளாக இருந்தது, 2023இல் வந்த புதிய திட்டத்தில் இரண்டு ஆண்டுகள். உதவித்தொகை கொஞ்சம்தான், வேலை நிறைய. ஆனால் இறுதித் தேர்வில் தேறாதவர்களுக்கும்கூட நல்ல கணக்கு வேலை கிடைத்துவிடுவதைப் பார்க்கலாம். காரணம் எளிது. அவர்கள் உண்மையான கணக்குப் புத்தகத்தைத் தொட்டவர்கள். பிழை விட்டால் யாருக்கு நஷ்டம் என்று பார்த்தவர்கள்.

பி.காம். மாணவருக்கு அந்த வாய்ப்பு எங்கே இருக்கிறது? பல பாடத்திட்டங்களில் இன்டர்ன்ஷிப் என்று ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் நடப்பது என்ன? தெரிந்தவர் கம்பெனியில் ஒரு லெட்டர்ஹெட் வாங்கி, சீல் குத்தி, சீனியரின் ரிப்போர்ட்டில் பெயரை மாற்றி பைண்டிங் செய்து கொடுத்துவிடுவது பல இடங்களில் சர்வ சாதாரணம். கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். பதினைந்து நாள் வெயிலில் அலைந்து உண்மையாகவே வேலை செய்த மாணவிக்கும் அதே மதிப்பெண். இங்கே ஏமாற்றப்படுவது கல்லூரி அல்ல. தன்னிடம் இருந்த ஒரே வாய்ப்பை பைண்டிங் கடையில் விட்டுவிட்டு வந்த அந்த மாணவர்தான்.

தலைமைப் பண்பு யாரிடம் இருக்கிறது?

'லீடர்ஷிப்' என்றதும் கோட் போட்டு மேடையில் மைக் பிடித்திருக்கும் ஒருவரின் படம்தான் மனதில் வருகிறது. கொஞ்சம் வேறு பக்கம் பாருங்கள்.

தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கி எல்லா மாவட்டங்களுக்கும் பரவியவை மகளிர் சுயஉதவிக் குழுக்கள். ஒரு குழுவில் 12 முதல் 20 பேர். ஒரு ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள். கூட்டம் போட வேண்டும், சந்தா வசூலிக்க வேண்டும், யாருக்குக் கடன் என்று எல்லார் முன்னாலும் முடிவு செய்ய வேண்டும், தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு உறுப்பினர் தவணை கட்டவில்லை என்றால் வங்கி மேலாளர் முன்னால் போய் நிற்பவர் ஊக்குநர்தான். அதே சாயங்காலம், கட்டாத அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், அவர் மனம் புண்படாமல் பேசி, பணத்தையும் வாங்கிக்கொண்டு வரவேண்டியவரும் அவர்தான். எம்.பி.ஏ. வகுப்பில் இதைச் சர்ச்சைத் தீர்வு, குழு மேலாண்மை, நிதி ஒழுங்கு என்று மூன்று பாடமாக நடத்துவார்கள்.

அரசுக் கல்லூரியில் பி.காம். படிக்கும் பலருடைய அம்மா இப்படி ஒரு குழுவில் இருக்கிறார். பல வீடுகளில் குழுவின் ரொக்கப் புத்தகத்தையும் கடன் பதிவேட்டையும் எழுதுவது அந்தப் பையனோ பெண்ணோதான். வேறு சிலர் அப்பாவின் மளிகைக் கடையில் கடன் நோட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள். சிலர் ஊர்த் திருவிழாவுக்கு வசூல் செய்து, மிச்சம் எவ்வளவு என்று ஊர்க் கூட்டத்தில் கணக்குப் படிக்கிறார்கள். ஊர்க் கூட்டத்தில் கணக்கு ஒப்புவிப்பதைவிடக் கடினமான பிரசன்டேஷன் ஏதாவது உண்டா? ஆனால் ரெஸ்யூமேயில் இவை எதுவும் இருக்காது. 'பொழுதுபோக்கு: பாட்டு கேட்பது, கிரிக்கெட்' என்று இருக்கும்.

தலைவர் என்பவர் யார் என்பதற்கு இஸ்ரோவில் நடந்த ஒரு சம்பவத்தை அப்துல் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட் தோல்வியடைந்தது. திட்ட இயக்குநர் கலாம்தான். ஆனால் பத்திரிகையாளர்கள் முன்னால் போய்ப் பழியை ஏற்றுக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிடைத்தபோது, பத்திரிகையாளர்களைச் சந்திக்கக் கலாமையே அனுப்பிவைத்தார். வங்கி மேலாளர் முன்னால் நிற்கும் ஊக்குநர் செய்வதும் இதே வேலைதான். அளவுதான் வேறு.

ஆங்கிலம்?

இவ்வளவையும் படித்துவிட்டு, "இங்கிலீஷ் வராவிட்டால் குரூப் டிஸ்கஷனிலேயே வெளியே அனுப்பிவிடுவார்களே" என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. தமிழ் வழியில் படித்து, வீட்டில் முதல் பட்டதாரியாக வருபவருக்கு அந்த அறையில் நடப்பது அநீதி என்பதில் சந்தேகமில்லை. விஷயம் தெரிந்தவர் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போது, விஷயமே தெரியாதவர் சரளமாகப் பேசித் தேர்வாகிவிடுகிறார்.

அதற்காக ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்வதும் ஏமாற்று வேலைதான். வேண்டும். எந்த ஆங்கிலம் என்பதில்தான் தெளிவு தேவை. ஐந்து வரியில் பிழையில்லாமல் ஒரு ஈமெயில், போனில் ஒரு பில் எண்ணைச் சரியாகக் கேட்டுக் குறித்துக்கொள்வது, தான் செய்த வேலையை இரண்டு நிமிடத்தில் விளக்குவது. ஆரம்ப நிலைக் கணக்கு வேலைக்கு இது போதும், தினமும் பழகினால் ஆறு மாதத்தில் வந்துவிடும். அமெரிக்க உச்சரிப்பு தேவையில்லை. இன்னொன்றும் உண்டு. பேச விஷயம் இருப்பவருக்கு மொழி சீக்கிரம் வரும். குழுக் கணக்கில் 1,200 ரூபாய் இடித்ததை எப்படிக் கண்டுபிடித்தோம் என்று சொல்ல ஆரம்பிக்கும் மாணவி, இலக்கணப் பிழையோடு பேசினாலும் எதிரில் இருப்பவரை நிமிர்ந்து உட்கார வைப்பாள்.

என்ன செய்யலாம்?

1. துறையின் வணிகவியல் மன்றக் கணக்கை மாணவர்களே எழுதட்டும். இறுதி ஆண்டு எழுதியதை இரண்டாம் ஆண்டு தணிக்கை செய்யட்டும். அறிக்கையை நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும். செலவே இல்லாத பயிற்சி இது.

2. கல்லூரிக்குள் மாணவர் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றை மாணவர்களே நடத்தலாம். 1904இலேயே திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவு சங்கம் தொடங்கிய ஊர் இது. நோட்டும் பேனாவும் விற்கும் ஒரு சின்னக் கடையில் கொள்முதல், இருப்பு, வரி, லாபப் பங்கீடு எல்லாம் இருக்கிறது.

3. மாலையில் ஜவுளிக் கடையிலும் கேட்டரிங்கிலும் வேலை பார்க்கும் மாணவரை 'அட்டெண்டன்ஸ் குறைவு' என்று மட்டும் பார்க்காமல், அந்த வேலையைப் பற்றி அறிக்கை எழுத வைத்து இன்டர்ன்ஷிப்பாக ஏற்கலாம். பண்டிகை சீஸனில் கவுண்டரில் நின்றவருக்கு நுகர்வோர் நடத்தையைப் பற்றி நிறையத் தெரியும்.

4. நாட்டு நலப்பணித் திட்டத்தை ஒழுங்காகச் செய்யலாம். 1969இல் தொடங்கிய இத்திட்டத்தில் இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் முகாமும் உண்டு. ஐம்பது பேருக்கு ஏழு நாள் சாப்பாட்டு பட்ஜெட்டை ஒரு மாணவர் கையில் கொடுத்துப் பாருங்கள், ஆளுமை தானாக வளரும்.

5. பட்டம் வாங்கிய பிறகும் வழி இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில் 2014இல் செய்த திருத்தம் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் கதவைத் திறந்தது. தென் மாநிலங்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் படிப்புகளும் உள்ளன. அவற்றையும் சான்றிதழுக்காக ஓடவிட்டு மூடினால் பழைய கதைதான்.

இத்தனையும் கல்லூரி செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் குழு நோட்டை இன்று எடுத்து, இந்த மாதத்துக் கணக்கை எக்ஸெலில் போட்டு, எங்கே இடிக்கிறது என்று பார்த்து, அதை அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கலாம். "நீங்கள் முன்னின்று நடத்திய ஒரு வேலையைச் சொல்லுங்கள்" என்று கேட்பவருக்கு அதுதான் பதில். அந்தப் பதிலுக்கு டை தேவைப்படாது.