பட்டம் மட்டும் போதுமா?

கம்ப்யூட்டர் வேலைக்குப் பி.இ.தான் படிக்கவேண்டும் என்பதில்லை. பி.சி.ஏ. படிக்கலாம். 3 ஆண்டுப் படிப்பு. மேலே எம்.சி.ஏ. உண்டு.

ஆனால், பட்டம் மட்டும் போதாது!

கொடைக்கானல் மலையில் சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே 1904 முதல் சூரியனைப் படம் பிடித்து வந்தார்கள். கண்ணாடித் தகடுகளில் பதிந்த அந்தப் படங்களை இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். நூறாண்டுச் செல்வம் அது!

ஏற்றுவது பெரிய காரியம் அல்ல. எந்தத் தேதி, எத்தனை மணி, சூரியனின் வடக்கு எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் பிசகாமல் குறிக்கவேண்டும். தேதி மாறினால் கணக்கே தவறிவிடும். கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடித்துச் சொல்லும் என்று நம்பிவிடக் கூடாது. ஆள்தான் சரிபார்க்கவேண்டும்.

பெற்றோர்கள் நகையை விற்றுக்கூடப் பீஸ் கட்டுகிறார்கள். எழுதியதை மகள் இன்னொரு முறை பார்க்கிறாளா என்று கேட்பவர்கள் எத்தனை பேர்?