உடம்பையும் சேர்த்து எடுங்கள்

வடகிழக்குப் பருவமழை ஒரு சுற்று அடித்து ஓய்ந்ததும் அணுபுரத்தில் பூச்சிப் படங்கள் என்னைத் தேடி வர ஆரம்பித்துவிடும். நடைப்பயிற்சிக்குப் போனவர், பால் வாங்கப் போனவர், யாராக இருந்தாலும் கைப்பேசியை நீட்டிக் கேட்பது ஒன்றுதான்: "இது என்ன பட்டாம்பூச்சி சார்?" பெரும்பாலும் ஆரஞ்சுச் சிறகு, கறுத்த முனை, அதில் வெள்ளைப் பட்டை. எருக்கஞ்செடிக்குப் பஞ்சமில்லாத கடலோரம் இது. வெந்தய வரியன் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடத் தோன்றும். சொல்லக் கூடாது.

அதே வேஷத்தில் இன்னொருத்தி திரிகிறாள்: டனைட் எக்ஃபிளையின் பெண். எருக்கிலை தின்று நஞ்சேறிய வெந்தய வரியனைக் கொத்திப் பார்த்த பறவை மறுபடி அந்தப் பக்கம் போகாது. அந்தக் கெட்ட பெயரில் இவள் குளிர்காய்கிறாள். புழுவாக இருந்தபோது இவள் தின்றதென்னவோ பருப்புக்கீரை. ஆணுக்கு இந்த வேஷமே கிடையாது. கறுப்புச் சிறகில் நீலம் சூழ்ந்த வெள்ளைப் பொட்டுகளோடு அவன் பாட்டுக்கு இருப்பான்.

சிறகு விரித்த படம் என்றால் பெரிதாக்கி, பின்சிறகின் நடுவில் பாருங்கள். வரியனுக்கு அங்கே கரும்புள்ளி மூன்று. ஆணாக இருந்தால் வாசனைப் பை நான்காவது புள்ளியாகத் தெரியும். எக்ஃபிளை பெண்ணுக்கு முன்விளிம்பை ஒட்டி ஒன்றே ஒன்று. தீர்ப்பு அங்கேதான் இருக்கிறது. நம் ஆட்கள் மங்கலாக எடுப்பதும் அந்த இடத்தைத்தான்.

கிரிம்சன் ரோஸ் விஷயத்தில் சிறகைப் பார்ப்பதே வீண். கறுப்பில் வெள்ளைப் பட்டையும் சிவப்புப் பொட்டுகளும் கறிவேப்பிலை அழகியின் ஒரு பெண் வடிவத்துக்கும் அச்சு அசலாக உண்டு. உடம்பு சிவப்பென்றால் ரோஸ், கறுப்பென்றால் அழகி. சிறகை மட்டும் அழகாக வெட்டி அனுப்புகிறவர்களை என்ன செய்வது? வீட்டுக் கறிவேப்பிலையில் முட்டை வைத்ததைப் பார்த்தேன் என்று ஒரு வரி சேர்த்தால்கூடப் போதும். ரோஸ் தேடிப் போவது ஆடுதின்னாப்பாளையை. இந்த அழகியின் பெண்களுக்கு ஏன் இத்தனை வடிவங்கள் என்று 1865-லேயே இயற்கையியலாளர் வாலஸ் மண்டையை உடைத்துக்கொண்டார். டபுள்செக்ஸ் என்ற ஒற்றை மரபணுதான் அந்த வடிவங்களைத் தீர்மானிக்கிறது என்று கிருஷ்ணமேக் குண்டேயும் உடன் ஆய்ந்தவர்களும் காட்டியது 2014-ல்.

விண்டர்-பிளைத்தின் 1957 பட்டாம்பூச்சி நூல் போன்றவை, பூச்சியை வலையில் பிடித்துக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்த காலத்தவை. நமக்குக் கிடைப்பதோ ஒரு பக்கம், ஒரு நொடி. உதாரணத்துக்கு, வெண்புள்ளிக் கருப்பனின் ஆணுக்கு முன்சிறகின் மேற்புறம் ஒரு கோடு. டபுள்-பிராண்டட் குரோ ஆணுக்கு இரண்டு. சிறகை மூடி உட்கார்ந்தால் இரண்டும் தெரியாது.

புல்வெளியில் தத்தும் சின்ன மஞ்சள்கள் இன்னும் மோசம். முன்சிறகின் அடிப்புற அறையில் இரண்டு புள்ளி என்றால் காமன் கிராஸ் எல்லோ, மூன்று என்றால் த்ரீ-ஸ்பாட். முன்சிறகை உள்ளே இழுத்துக்கொண்டால் அந்த இடமே பின்சிறகுக்குள் ஒளிந்துவிடும். அப்படிப்பட்ட படங்களுக்கு "யூரீமா" என்று பேரினத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். பக்கத்துக் குடியிருப்புப் பையனுக்கு அது போதவில்லை. "தெரியலைன்னு சொல்லுங்களேன் அங்கிள்" என்றான். தெரியலைதான் தம்பி, அடுத்த தடவை பக்கவாட்டில் நாலு படம் எடு.