எந்தப் படங்களை அனுப்புவது?

அன்புள்ள வாசகர்களுக்கு,

ஓவியக் கல்லூரிகளில் இறுதியாண்டு படிக்கும் பிள்ளைகளின் கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. பரோடாவுக்கு விண்ணப்பிக்கலாமா, சாந்திநிகேதனில் இடம் கிடைக்குமா, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் எப்படி, வெளிநாடு என்பது எங்களைப் போன்றவர்களால் ஆகிற காரியமா என்று ஆளுக்கொரு விதமாகக் கேட்கிறார்கள். அத்தனை கடிதங்களுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: இதுவரை போட்ட படங்களில் எவற்றை அனுப்புவது? இந்த மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன். ஓவியத்தில் முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போது மற்ற எல்லாமே அதற்குப் பிறகுதான் வருகின்றன.

நம் பிள்ளைகளின் போர்ட்ஃபோலியோக்களை நான் ஆசையாகப் புரட்டுகிறவன். கோபுரமும் தெப்பக்குளமுமாக ஒரு வாட்டர் கலர் இருக்கும். முகமெல்லாம் சுருக்கம் விழுந்த ஒரு பாட்டி இருப்பார். பித்தளைக் குடமும் துணி மடிப்பும் வைத்த ஒரு ஸ்டில் லைஃப், கரியில் இரண்டு லைஃப் ஸ்டடி, கடைசியில் பெரிய அளவில் ஒரு அப்ஸ்ட்ராக்ட். எல்லாவற்றிலும் கை திருந்தியிருக்கும். ஈரம் காய்வதற்குள் வெயிலையும் நிழலையும் தாளில் இறக்கிவிடுகிற லாகவம் சென்னை, கும்பகோணம் மாணவர்களுக்கு எளிதாக வருகிறது. அது சும்மா வந்ததல்ல. சென்னை ஓவியக் கல்லூரி, அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-இல் தொடங்கிய பள்ளி. தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் அவருக்குப் பின் 1957-இல் பொறுப்பேற்ற கே.சி.எஸ். பணிக்கரும் வளர்த்த இடம். அந்தப் பயிற்சியைப் பழைய பாணி என்று தள்ளிப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனால் முதுகலைத் தேர்வுக் குழுவின் முன்னால் வந்து நிற்கிற பெரும்பாலோருக்கும் கை திருந்தித்தான் இருக்கிறது. இவருக்கு வரையத் தெரியுமா என்பதற்கு முதல் இரண்டு மூன்று படங்களிலேயே விடை கிடைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவர்கள் பார்ப்பது வேறு. இவர் எதைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறார்? ஒரு ஸ்டுடியோவையும் இரண்டு ஆண்டுகளையும் கையில் கொடுத்தால் அந்தத் தேடல் எங்கே போய்ச் சேரும்? எல்லாம் தெரியும் என்று காட்ட அடுக்கிய படங்களில் இதற்கு விடை இருக்காது.

பணிக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்னந்தோப்பும் நீர்நிலைகளுமாகக் கேரள நிலக்காட்சிகளை வாட்டர் கலரில் வரைந்து பேர் வாங்கியவர். அதிலேயே காலம் முழுக்கக் கௌரவமாக இருந்திருக்கலாம். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, 1963-இல், எழுத்துகளும் ஜாதகக் கட்டங்களும் குறிகளும் நிறைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைத் தொடங்கினார். இன்று அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது அந்த வரிசைதான். தேர்வுக் குழு ஓர் இளைஞரிடம் தேடுவதும் அப்படி ஒரு தொடர்ச்சியின் முதல் சில அடிகளைத்தான்.

அண்மையில் ஒரு மாணவி தன் படங்களோடு அலுவலகத்துக்கு வந்திருந்தார். அவருடைய அப்பா அரசுப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். நான் மேலே சொன்ன எல்லாமே அந்தப் பெண்ணிடமும் இருந்தன, நன்றாகவும் இருந்தன. பேச்சு முடிந்து கிளம்பும்போது ஸ்கெட்ச் புக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பின்பக்கங்கள் முழுக்கப் பணிமனை. பேருந்துக்கு அடியில் படுத்திருப்பவரின் இரண்டு கால்கள் மட்டும். கிரீஸ் படிந்த காக்கிச் சட்டை ஆணியில் தொங்குகிறது. கழற்றிப் போட்ட சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. சில பக்கங்களில் பென்சிலோடு உண்மையான கிரீஸையும் விரலால் தேய்த்திருந்தார். தாளின் மறுபக்கம் வரை எண்ணெய் ஊறி, ஒரு பக்கத்தின் கறை அடுத்த பக்கத்துப் படத்துக்கு நிழலாகியிருந்தது.

“இதையெல்லாம் ஏம்மா எடுத்து வைக்கலை?”

“அது சும்மா அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோறப்ப போட்டது சார். ஃபினிஷ் பண்ணலையே.”

எனக்கு அந்தப் பக்கங்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. கோபுரத்தை யாரும் போடலாம். அந்தக் கறையை அவர் ஒருவர்தான் போட முடியும். பணிமனைப் படங்களில் சிலவற்றைப் பெரிய தாளில் மறுபடி எடுத்துப் போடும்படியும், ஸ்கெட்ச் புக் பக்கங்களை அப்படியே சேர்க்கும்படியும், பாட்டியையும் குடத்தையும் வீட்டிலேயே வைத்துவிடும்படியும் சொன்னேன். ஒரு லைஃப் ஸ்டடி மட்டும் இருக்கட்டும், அது போதும். ஆகவே, எழுதிக் கேட்ட அத்தனை பேருக்கும் என் பதில் இதுதான்: படங்களைத் தரையில் பரப்பி வையுங்கள். யாரும் சொல்லாமல், மதிப்பெண் இல்லாமல், நீங்களாகத் திரும்பத் திரும்பப் போட்டது எது என்று பாருங்கள். அங்கிருந்து தொடங்குங்கள். எண்ணிக்கையை நிரப்ப ஒரு சுமாரான படத்தைச் சேர்ப்பதைவிட ஒன்று குறைவாக அனுப்புவது நல்லது, குறைந்தபட்சம் இத்தனை வேண்டும் என்று கல்லூரியே கேட்டிருந்தால் தவிர.

அடுத்தது, படத்தைப் புகைப்படம் எடுப்பது. பல நல்ல ஓவியங்கள் இங்கேதான் அடிபடுகின்றன. ஹாஸ்டல் அறையில் டியூப்லைட்டுக்குக் கீழே, கட்டில் மேல் சாய்த்து வைத்து எடுத்தால் நீலம் பச்சையாகிவிடும், நேர்க்கோடெல்லாம் சரிந்துவிடும். காலையில், நேர் வெயில் விழாத வராந்தாவின் சுவரில் படத்தை மாட்டுங்கள். கேமரா படத்தின் நடுமையத்துக்கு நேராக இருக்கட்டும். செல்போன்தான் என்றால் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று எடுங்கள், கிட்டப் போனால் ஓரங்கள் வளையும். ஃப்ளாஷ் வேண்டாம், ஃபில்டர் வேண்டவே வேண்டாம். ஆயில் படம் பளபளத்தால் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரும்படி இடத்தை மாற்றுங்கள். சுவரும் ஆணியும் தெரியாமல் விளிம்போடு வெட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, ஆண்டு, எந்த ஊடகம், உயரம், அகலம் ஆகியவற்றை எழுதுங்கள். கிரீஸ் தேய்த்திருந்தால் கிரீஸ் என்றே எழுதுங்கள், ‘மிக்ஸட் மீடியா’ என்று மூடிவிடாதீர்கள். அசல் படங்களோடு நேரில் வரச் சொன்னால் கேன்வாஸை அகலமான குழாயில் வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் வண்ணப் படலம் நெருக்குண்டு மடிந்து வெடிக்கும்.

பிறகு அந்த ஒரு பக்கம், ஸ்டேட்மென்ட். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். பயந்துபோய் யாரோ எழுதியதைக் கொஞ்சம் மாற்றி அனுப்புகிறார்கள். அடையாளம், நினைவு, வெளி, காலம் என்று பெரிய வார்த்தைகள் வரிசையாக வரும், பணிமனை வராது. முதலில் தமிழில் எழுதுங்கள், தோழிக்குச் சொல்வதுபோல. எதை வரைகிறேன், எப்போது தொடங்கியது, எந்த இடத்தில் சிக்கி நிற்கிறேன், அந்தச் சிக்கலை அவிழ்க்க இந்தக் கல்லூரியில் என்ன இருக்கிறது என்று. கடைசிக் கேள்விக்கு விடை எழுத, அங்கே கற்பிக்கும் ஓவியர்களின் படங்களைத் தேடிப் பார்த்தே ஆகவேண்டும். அதன்பின் ஆங்கிலம் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து, சின்னச் சின்ன வாக்கியங்களாக மாற்றுங்கள். நேர்முகத் தேர்வில் ஆங்கிலம் தடுக்கினாலும் பரவாயில்லை. நீங்களே எழுதிய பக்கம் என்றால் எந்த வரியைப் பற்றிக் கேட்டாலும் சொல்ல விஷயம் இருக்கும்.

ஊர்களைப் பற்றி. சென்னையில் நவஜீவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் நேராக வதோதரா, பரோடாவின் இன்றைய பெயர். அங்கே மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம் 1950-இல் தொடங்கியது. சாந்திநிகேதனின் கலாபவனம் 1919-இல் தாகூர் தொடங்கி, நந்தலால் போஸ் உருவாக்கிய இடம். இந்த இரண்டையும் இணைக்கிற ஒருவரை நம் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்: கே.ஜி. சுப்பிரமணியன். கேரளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். 1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் சிறை சென்றதால் அரசுக் கல்லூரிகளின் கதவு அவருக்கு மூடிக்கொண்டது. 1944-இல் சாந்திநிகேதன் போய் நந்தலால் போஸ், பினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பெய்ஜ் ஆகியோரிடம் கற்றார். 1951-இல் பரோடாவில் ஆசிரியரானார், 1980-இல் சாந்திநிகேதனுக்கே பேராசிரியராகத் திரும்பினார். கலாபவன வளாகத்தில் ஒரு கட்டடத்தின் வெளிச்சுவர்களைக் கறுப்பு வெள்ளையில் அவர் வரைந்து நிறைத்திருக்கிறார். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் அதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

வயதாகிவிட்டதே, வேறு படிப்பு படித்துவிட்டேனே என்று எழுதியிருப்பவர்களுக்கு: பணிக்கர் தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு இருபத்தைந்து வயதில்தான் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பூபேன் கக்கர் கணக்காயர் படிப்பு முடித்தவர். 1962-இல் கலை விமர்சனம் படிக்க பரோடாவுக்கு வந்து, பகுதி நேரமாகக் கணக்கு வேலையும் பார்த்துக்கொண்டே வரைந்தார்.

வெளிநாடு பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அங்கே கேள்வி பெரும்பாலும் பணம். லண்டன் ராயல் அகாடமி பள்ளியில் மூன்றாண்டுப் படிப்புக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் ஆண்டுக்கு மிகச் சிலரையே எடுக்கிறார்கள். அமெரிக்காவில் எம்.எஃப்.ஏ. பெரும்பாலும் இரண்டு ஆண்டு, சில இடங்களில் மூன்று. சில பல்கலைக்கழகங்கள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, இளங்கலை வகுப்பு எடுக்க வைத்துச் சம்பளமும் தருகின்றன. அப்படித் தராத இடத்துக்கு வீட்டை அடமானம் வைத்துப் போகாதீர்கள். ஓவியம் விற்று அந்தக் கடனை அடைக்க வேண்டிய நிலை வந்தால், விற்கிற படத்தைத்தான் வரையத் தோன்றும். படிக்கப் போனதே அதிலிருந்து விடுபடத்தான். இங்கேயே 18 முதல் 25 வயதுள்ள இளம் கலைஞர்களுக்கு மத்திய கலாசார அமைச்சகம் மாதம் 5,000 ரூபாய் வீதம் 2 ஆண்டுகளுக்கு உதவித்தொகை தருகிறது. ஓவியமும் அதில் உண்டு.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. “படம் போட்டா சோறு போடுமா?” என்று நீங்கள் கேட்பது பாசத்தால்தான். முதுகலையோடு நெட் தேர்வும் முடித்தால் கல்லூரி ஆசிரியர் பணிக்குத் தகுதி உண்டு. ஆனால் அதை மட்டும் சொல்லிப் பிள்ளையை அனுப்பாதீர்கள். முடிந்தால் ஒருநாள் அவர்கள் வரையும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

இடங்கள் மிகக் குறைவு, பலருக்கும் முதல் ஆண்டில் கிடைக்காது. ஒரு குழு அந்த ஆண்டு யாரை யாரோடு ஒரே ஸ்டுடியோவில் சேர்க்க நினைக்கிறது என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. இடையில் கிடைக்கும் ஓராண்டில் அந்த வரிசையைத் தொடருங்கள், அடுத்த முறை உங்கள் கையில் அதிகம் இருக்கும். பரிந்துரைக் கடிதம் தரும் ஆசிரியரிடம் கடைசி வாரத்தில் போய் நிற்காமல், இப்போதே உங்கள் புதுப் படங்களைக் காட்டுங்கள். படத்தைப் பார்த்து எழுதும் கடிதத்தில்தான் உயிர் இருக்கும்.

விண்ணப்பிக்கப் போகிறவர்கள் தேர்ந்தெடுத்த படங்களின் புகைப்படங்களை, தமிழில் எழுதிய அந்த ஒரு பக்கத்தோடு எங்களுக்கும் அனுப்புங்கள். கடைசித் தேதிக்கு முன்பே பார்த்து, தோன்றியதை ஒளிக்காமல் எழுதுகிறேன். பணிமனைப் படங்களில் சிலவற்றை அந்த மாணவியின் சம்மதத்தோடு அடுத்த இதழின் நடுப்பக்கத்தில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்