வருவார் என்று நம்புகிறவர்கள் கையில் இருக்கிற வேலையை விடமாட்டார்கள்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுதாக வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள். குறிப்பாக எங்கள் தோட்டத்துப் பெற்றோர்களும், சபை நடத்துகிறவர்களும், எங்கள் ஜமாஅத் சகோதரர்களும் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

போன வாரம் பதினோராம் தர வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு மாணவி மட்டும் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். தகப்பன் இறப்பர் பால் வெட்டுகிறவர். தாய் கொழுந்து பறிக்கிறவர். பிள்ளை நன்றாகப் படிக்கக்கூடியவள். “சேர், கோபிக்க வேணாம். ஆண்டவர் சீக்கிரம் வரப்போறாராம். திகதியும் சொல்லியிருக்காங்க. அப்ப சாதாரண தரம் எழுதி என்ன பிரயோசனம்?” என்று கேட்டாள். லயத்தில் யாரோ போனில் காட்டிய ஒரு வீடியோ. பார்த்த நாளிலிருந்து வீட்டில் ராத்திரியில் நித்திரை இல்லையாம்.

பிள்ளை பகிடிக்குக் கேட்கவில்லை. கண் கலங்கியிருந்தது. “நாளைக்குச் சொல்றோம் மகள்” என்று அனுப்பிவிட்டோம். அன்றிரவு எங்களுக்கும் சரியாக நித்திரை வரவில்லை.

முஸ்லிம் ஆசிரியர்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வருகிறவரை நாங்களும் எதிர்பார்க்கிறோம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஈஸா நபி (அலை) அவர்கள் கடைசிக் காலத்தில் இறங்கி வருவார்கள், நீதியாக ஆட்சி செய்வார்கள் என்பது ஹதீஸ்களில் உறுதியாக வந்திருக்கிற விஷயம். சிறு வயதில் மத்ரஸாவில் படித்ததுதான். அவர் சிலுவையில் மரித்து உயிர்த்தெழுந்தார், இறைமகன் என்பது கிறிஸ்தவர்களின் விசுவாசம். அது எங்கள் நம்பிக்கை இல்லை. அந்த வித்தியாசத்தை மறைத்துப் பேசுவது நேர்மையும் இல்லை. ஆனாலும் மர்யமின் மகன் மீண்டும் வருவார் என்று வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும் இரண்டு பெரிய சமூகங்கள் ஒரே தோட்டப் பாதையில்தான் நடக்கின்றன.

நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ எங்கள் பக்கத்துத் தேவாலயங்களில் திருவருகைக் காலம் ஆரம்பிக்கும். நத்தாருக்கு முன்னால் நாலு ஞாயிறு. ஊதா நிறத் துணி விரிப்பார்கள். ஞாயிற்றுக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அது பெத்லகேமில் பிறந்த பிள்ளையை நினைக்கிற காலம் மட்டும் இல்லை. மீண்டும் வரப்போகிறவருக்காக ஆயத்தமாகிற காலமும்கூட என்று பாதர் ஒருவர் ஒரு முறை எங்களுக்கு விளக்கினார். ஆரம்பகாலக் கிறிஸ்தவர்கள் ‘மாரநாதா’ என்று ஜெபித்தார்கள். எங்கள் ஆண்டவரே வாரும் என்று அர்த்தம். அது இயேசு பேசிய அரமேய மொழிச் சொல்.

இந்த நம்பிக்கை லயத்துக் காம்பராக்களில் இவ்வளவு ஆழமாக வேர்பிடித்திருப்பதில் எங்களுக்கு ஆச்சரியம் இல்லை. நீதியுள்ள ஒருவர் வருவார், கணக்குக் கேட்பார், அழுதவர்களின் கண்ணீரைத் துடைப்பார் என்ற செய்தி யாருக்கு இனிக்கும்? வசதியாக இருக்கிறவனுக்கு அது பயம். அநியாயத்தைச் சுமந்தவனுக்கு அது மூச்சு. 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து ஆட்களைக் கணக்குப் பார்த்துப் பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்தவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினைக்குச் சட்டம் வந்தது 2003இல்தான். ஐம்பத்தைந்து வருடம்! காத்திருப்பது என்றால் என்ன என்று இந்தச் சனத்துக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

ஆகவே அந்த நம்பிக்கையைக் கேலி செய்கிறவர்களோடு நாங்கள் இல்லை. எங்கள் பிரச்சினை அதன் மேல் ஒட்டப்படுகிற திகதியோடுதான்.

அந்த நாளையும் நாழிகையையும் வானத்துத் தூதர்களும் அறியார்கள், மகனும் அறியார், தந்தை ஒருவரே அறிவார் என்று இயேசு சொன்னதாக மத்தேயு நற்செய்தி 24ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எங்கள் பக்கத்திலும் அதே கதைதான். ஜிப்ரீல் (அலை) மனித உருவில் வந்து மறுமை நாள் எப்போது என்று கேட்டபோது, கேட்கிறவரை விடக் கேட்கப்படுகிறவர் கூடுதலாக அறிந்தவர் இல்லை என்ற கருத்தில்தான் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். இரண்டு வேதக்காரர்களுக்கும் பூட்டியிருக்கிற ஒரு கதவை வட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோ திறந்துவிட்டதாமா?

இது புதிய விஷயமும் இல்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி வேதத்தைக் கணக்குப் பார்த்துப் போதித்தார். அவர் பின்னால் போனவர்கள் கடைசியில் 1844 ஒக்டோபர் 22 என்று நாள் குறித்துக் காத்திருந்தார்கள். சிலர் விளைந்த பயிரை அறுக்காமலே விட்டார்கள். அந்த நாள் சும்மா கடந்துபோனது. அதைப் பெரும் ஏமாற்றம் என்றே வரலாறு பெயர் வைத்திருக்கிறது. நமக்குக் கிட்ட, திருவிதாங்கூரில், தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து 1861இல் கிறிஸ்தவரான யுஸ்தூஸ் யோசேப்பு என்ற போதகர் இருந்தார். பெரிய பாடலாசிரியர். அவர் பாட்டுகளைக் கேரளத்துக் கிறிஸ்தவர்கள் இன்றைக்கும் பாடுகிறார்கள். அவரும் 1875இல், இன்னும் ஆறு வருடத்தில் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். 1881 வந்தது, போனது. பாட்டு நின்றது, திகதி நிற்கவில்லை. 2011இல் ஹரோல்ட் கேம்பிங் என்ற வானொலிப் போதகர் மே 21 என்று உலகம் முழுக்க விளம்பரப் பலகை வைத்தார். அடுத்த வருடம் தான் செய்தது பிழை என்று அவரே ஒத்துக்கொண்டார். ஆனால் அவரை நம்பி வேலையை விட்டவர்களுக்கும் சேமிப்பைக் கொடுத்தவர்களுக்கும் யார் பதில் சொல்வது?

எங்கள் சகோதரர்கள் இதை வாசித்துச் சிரித்துவிட்டுப் போக வேண்டாம். 1979 நவம்பர் 20, ஹிஜ்ரி 1400இன் முதல் நாள். மக்காவின் ஹரம் ஷரீபையே ஆயுதத்தோடு பிடித்த ஒரு கூட்டம், தங்களில் ஒருவரை மஹ்தி என்று அறிவித்தது. இரண்டு வாரமளவில் சண்டை நடந்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். ஐஎஸ் இயக்கம் தன் சஞ்சிகைக்கு தாபிக் என்று பெயர் வைத்ததும் கடைசிக் காலப் போர் பற்றிய ஹதீஸில் வரும் ஊர் என்பதால்தான். அந்த இயக்கத்தின் விஷம் எங்கள் நாட்டில் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று என்ன செய்தது என்று சொல்லத் தேவையில்லை. கொச்சிக்கடை, கட்டுவாபிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆலயம், ஹோட்டல்கள். 260க்கும் மேற்பட்ட உயிர்கள். உலகம் முடியப்போகிறது என்று வெறி பிடித்தவனுக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளை மனிதனாகத் தெரிவதில்லை. அந்த நாட்களில் பழிவாங்க வேண்டாம், அமைதியாக இருங்கள் என்று தன் மக்களைக் கேட்டுக்கொண்ட கர்தினால் மல்கம் ரஞ்சித் அவர்கள் 1995இல் எங்கள் இரத்தினபுரி மறைமாவட்டத்தின் முதல் ஆயராக இருந்தவர். வருகிறவரை எதிர்பார்க்கிற ஒரு சமூகம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அன்று நாங்கள் கண்ணால் பார்த்தோம். அதற்கு எங்கள் சமூகம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

இன்னொரு விஷயம், இது எங்கள் மண்ணின் விஷயம்.

2016 மே 17. அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் நூறு பேருக்கு மேல். அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின் மேல் மண் விழுந்தது. குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அடுத்த வருடம் மே மாதம் இரத்தினபுரியிலும் வெள்ளம், மண்சரிவு. ஒவ்வொரு முறையும் ‘இதெல்லாம் கடைசிக் காலத்து அடையாளம்’ என்று பள்ளியிலும் சபையிலும் கோயிலிலும் பேசிக்கொள்கிறோம். பேசிவிட்டு அதே பள்ளத்துக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்கிறோம்.

வானத்து அடையாளத்தை வாசிக்க எங்களால் முடியாது. மலையின் அடையாளத்தை வாசிக்க முடியும். நிலத்தில் வெடிப்பு விழுகிறதா, திடீரென்று ஊற்று கலங்கலாக வருகிறதா, மரமும் போஸ்டும் சாய்கிறதா, கதவு ஜன்னல் இறுகுகிறதா? 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் கவனம், 100ஐத் தாண்டினால் ஆயத்தம், 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. விழித்திருங்கள் என்று இயேசு சொன்னதை எங்கள் கேகாலை, இரத்தினபுரி மலைகளில் கடைப்பிடிப்பதென்றால் அதில் இதுவும் அடங்கும் என்று நாங்கள் நினைக்கிறோம். பக்கத்து லயத்துக் கிழவியைக் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வருவதும் ஆயத்தம்தான்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ராஜா வந்து கேட்கிற கேள்வி, எந்தத் திகதி என்று கண்டுபிடித்தாயா என்பதல்ல. பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுத்தாயா, நோயாளியைப் போய்ப் பார்த்தாயா என்பதுதான். எங்கள் ஸஹீஹ் முஸ்லிமிலும் மறுமையில் அல்லாஹ் கிட்டத்தட்ட அதையே கேட்பதாக ஒரு ஹதீஸ் குத்ஸி இருக்கிறது. வாசித்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்த நாள் அந்த மகளைக் கூப்பிட்டு, அவளுடைய வேதத்திலிருந்தே ஒரு விஷயத்தைச் சொன்னோம். தெசலோனிக்கேயாவில் சிலர், ஆண்டவருடைய நாள் வந்துவிட்டது என்று குழம்பிப்போய் இருந்தார்கள். வேலை செய்யாமல் சுற்றித் திரிந்தவர்களும் அங்கே இருந்தார்கள். பவுல் அவர்களைப் பாராட்டவில்லை, கண்டித்தார். வேலை செய்ய விரும்பாதவன் சாப்பிடவும் கூடாது என்றே எழுதினார். அவரே கூடாரம் தைத்துப் பிழைத்தவர். பிறகு எங்கள் நபி (ஸல்) அவர்கள் சொன்னதையும் சொன்னோம். மறுமை நாள் வந்துவிட்டாலும் உன் கையில் ஒரு கன்று இருந்தால், முடியுமானால் அதை நட்டுவிடு என்பது அதன் கருத்து.

பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்தாள். “அப்பா போன மாசம் புது மலையில இறப்பர் கன்று நட்டாங்க சேர்” என்றாள். அதில் பால் வெட்ட எத்தனை வருடம் போகும் என்று கேட்டோம். “ஆறு ஏழு வருசம்” என்றாள். “அப்ப அப்பாவுக்கு விசுவாசம் இல்லையா?” என்று கேட்டோம். சிரித்துவிட்டாள். கொப்பியை எடுத்துக்கொண்டு போனாள்.

பெற்றோருக்கு: பிள்ளை ஜெபிக்கட்டும், பரீட்சையும் எழுதட்டும். திகதி போட்ட வீடியோ வந்தால் உங்கள் பாதரிடமோ பாஸ்டரிடமோ கேட்காமல் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

சபை நடத்துகிற அன்பர்களுக்கு: உங்கள் மேடை உங்களுடையது, அதில் கை வைக்க எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் உங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் எங்கள் மாணவர்கள். வருவார் என்று சொல்லும்போது, வரும்வரைக்கும் படி, உழை, அயலவனைப் பார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எங்கள் உலமாக்களுக்கும் அதே வேண்டுகோள். தஜ்ஜால், மஹ்தி என்று பயான் செய்யும்போது பிள்ளைகள் வீட்டுக்குப் பயத்தைக் கொண்டு போகிறார்களா, பொறுப்பைக் கொண்டு போகிறார்களா என்று பாருங்கள்.

அவர் எப்போது வருவார் என்று தெரியாது. வரும்போது எங்கள் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கட்டும், பெரியவர்கள் கன்று நட்டுக்கொண்டிருக்கட்டும்.

எழுதியதில் பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறோம். கிறிஸ்தவ உறவுகளுக்கு ஆசீர்வாதமான திருவருகைக் கால வாழ்த்துகள்.