மாத்தளைக்கும் மத்தளைக்கும் நடுவே

2013ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கனடாவிலிருந்து பழைய நண்பர் ஒருவர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். “உங்கள் ஊருக்குச் சர்வதேச விமான நிலையம் வந்துவிட்டதாமே! இனிக் கட்டுநாயக்கவில் இறங்கி நான்கு மணி நேரம் வாகனத்தில் குலுங்கி வரத் தேவையில்லை. அடுத்த தேருக்கு நேரே உங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்குகிறேன்” என்று எழுதியிருந்தார். முத்துமாரியம்மன் தேரைத்தான் குறிப்பிட்டிருந்தார். அவரது மகிழ்ச்சியைக் கெடுக்க மனமில்லாமல் இரண்டு நாள் கழித்தே பதில் எழுதினேன். விமான நிலையம் வந்திருப்பது மாத்தளைக்கு அல்ல. தெற்கே அம்பாந்தோட்டை மாவட்டத்திலுள்ள மத்தளைக்கு. ஒரு கால் குறைந்ததில் ஊரே மாறிவிட்டது.

எங்கள் மாவட்டத்திலும் ஓர் ஓடுபாதை உண்டு. சிகிரியாக் குன்றுக்கு அருகில், விமானப் படையின் பொறுப்பில் இருக்கிறது. சிறிய விமானங்கள் வந்து போகும். அதைப் பற்றி எவரும் மின்னஞ்சல் அனுப்புவதில்லை.

மத்தளை விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 209 மில்லியன் அமெரிக்க டொலர் செலவாயிற்று. அதில் 190 மில்லியன் சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கியிடம் பெற்ற கடன். திறப்பு விழா முடிந்த பின்னர் அங்கே சென்றுவந்த விமானச் சேவைகளில் ஒன்று, அரசாங்கத்துக்குச் சொந்தமான மிஹின் லங்கா. ‘மலிவுக் கட்டண விமானச் சேவை’ என்ற பெயரோடு பிறந்து, தன் ஆயுட்காலத்தின் பெரும்பகுதியை நட்டத்தில் கழித்து, 2016 ஒக்டோபரில் கண்மூடிய நிறுவனம் அது. அதைப் பற்றி இன்று ஏன் எழுத வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

மிஹின் லங்கா 2006இல் பதிவுசெய்யப்பட்டு 2007 ஏப்ரலில் பறக்கத் தொடங்கியது. இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரரின் பெயரே சூட்டப்பட்டது என்றார்கள். அப்போதைய ஜனாதிபதியின் பெயரும் அதுவே என்பதை எதிர்க்கட்சியினர் சுட்டிக்காட்டிக் கேலி செய்தார்கள். மகிந்த தேரர் வான்வழியே வந்து மிஹிந்தலை மலையில் இறங்கினார் என்பது மரபு. அவருக்கு விமான வாடகை இல்லை. எரிபொருள் பட்டியலும் இல்லை. அவர் பெயரைத் தாங்கிய நிறுவனத்துக்கு இரண்டும் இருந்தன.

நோக்கம் தவறானது என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இறத்தோட்டை, உக்குவளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்கிறார்கள். தம்புள்ளைப் பக்கத்துச் சிங்களக் கிராமங்களில், வாழ்நாளில் ஒரு தடவையாவது புத்தகயாவைக் கண்டுவிட வேண்டுமென்று சீட்டுப் பிடித்துப் பணம் சேர்க்கும் முதியவர்கள் உண்டு. மாத்தளை நகரத்து வியாபாரிகள் திருச்சிக்கும் சென்னைக்கும் போய்ச் சேலைகளை மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். இவர்கள் எல்லோருக்கும் மலிவான விமானச் சீட்டு தேவைதான். மிஹின் லங்கா கயாவுக்கும் திருச்சிக்கும் டுபாய்க்கும் பறந்தது. பிற்காலத்தில் மதுரைக்கும் பறந்தது. அவற்றில் ஏறியவர்கள் பெரும்பாலும் எளிய மக்களே.

ஆனால் மலிவுக் கட்டணம் என்பது சீட்டின் விலையைக் குறைத்து அச்சிடுவதால் வருவதன்று. செலவு குறைந்தால்தான் கட்டணம் குறையும். இந்தத் தொழிலில் வென்றவர்களின் வழி ஏறத்தாழ ஒன்றுதான். ஒரே வகை விமானத்தை வைத்திருப்பார்கள். அப்போதுதான் உதிரிப்பாகச் செலவும் விமானிகளின் பயிற்சிச் செலவும் குறையும். தரையிறங்கிய விமானத்தை அரை மணி நேரத்துக்குள் மறுபடியும் மேலே அனுப்புவார்கள். நிற்கும் விமானம் சம்பாதிப்பதில்லை. உணவு, மேலதிகப் பொதி, விரும்பிய ஆசனம் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பணம் வாங்குவார்கள். அமெரிக்காவில் சவுத்வெஸ்ட், இந்தத் தனிக் கட்டணங்கள் நீங்கலாக, 1971இல் இப்படித்தான் தொடங்கியது. மலேசியாவில் கடனில் மூழ்கிக் கிடந்த எயார் ஏசியாவை 2001இல் ஒரேயொரு ரிங்கிட் கொடுத்து வாங்கியவர்கள் இதே வழியில்தான் அதைத் தூக்கி நிறுத்தினார்கள்.

மிஹின் லங்கா தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய வாடகை விமானங்களைக் கொண்டே ஓடியது. வாடகை விமானம் பறந்தாலும் நின்றாலும் டொலரில் வாடகை கேட்கும். இரண்டு விமானங்களில் ஒன்று பழுதானால் பாதி நிறுவனமே படுத்துவிடும். கால அட்டவணை குலையும். பயணிகளுக்கு மாற்று ஏற்பாடு செய்யவேண்டிய செலவு ஏறும். சீட்டு விற்ற வருமானத்தில் பெரும்பகுதி ரூபாவில் வரும். வாடகை, பராமரிப்பு, காப்புறுதி எல்லாம் டொலரில் போகும். 2008 ஜூலையில் உலகச் சந்தையில் மசகு எண்ணெய் பீப்பாய் ஒன்று 147 டொலர்வரை ஏறியது. ஆனால் மிஹின் லங்கா அந்த உச்சம்வரைகூடத் தாங்கவில்லை. பறக்கத் தொடங்கி ஓராண்டளவிலேயே, 2008இல் சேவையை நிறுத்திக்கொண்டது.

ஒரு கடைக்காரர் இந்த நிலைக்கு வந்திருந்தால் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு ஊர்போய்ச் சேர்ந்திருப்பார். இங்கே கடைக்காரர் அரசாங்கம், கல்லாப்பெட்டி திறைசேரி. மீண்டும் பில்லியன் கணக்கில் பொதுப்பணம் ஒதுக்கப்பட்டு 2009இல் விமானங்கள் மறுபடி எழும்பின.

அதே காலத்தில் மூத்த நிறுவனத்துக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1998 முதல் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் நிர்வாகம் எமிரேட்ஸ் நிறுவனத்தின் கையில் இருந்தது. 2007 டிசம்பரில் லண்டனிலிருந்து திரும்பவிருந்த ஜனாதிபதியின் குழுவினருக்காக, ஏற்கெனவே சீட்டு வாங்கிய பயணிகளை இறக்கிவிட அந்த நிர்வாகம் மறுத்தது. விரைவிலேயே தலைமை நிறைவேற்று அதிகாரியின் வேலை அனுமதி இரத்துச் செய்யப்பட்டது. 2008 மார்ச் இறுதியில் எமிரேட்ஸ் நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகியது. 2010இல் அதன் பங்குகளை 53 மில்லியன் டொலருக்கு அரசாங்கம் திரும்ப வாங்கிக்கொண்டது. அதன்பின் ஸ்ரீலங்கன் ஆண்டுக்காண்டு நட்டத்தில் ஓடியது. ஆக, ஒரே அரசாங்கத்திடம் நட்டத்தில் ஓடும் இரண்டு விமானச் சேவைகள். ஒன்று போதாதென்று இரண்டு!

தனியார் நிறுவனங்கள் மட்டும் நட்டப்படவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. பட்டன, நன்றாகவே பட்டன. இந்தியாவில் மலிவுக் கட்டணத்துக்கு வழிகாட்டிய எயார் டெக்கான், கிங்ஃபிஷரில் கரைந்தது. அந்தக் கிங்ஃபிஷர் 2012இல் தரையிறங்கியது பின்னர் எழும்பவில்லை. தமிழகத்துக் கலாநிதி மாறன் வசமிருந்த ஸ்பைஸ்ஜெட், 2014 டிசம்பரில் எரிபொருளுக்குப் பணமின்றி ஒரு நாள் முடங்கும் நிலைக்கு வந்து, மறு மாதமே கைமாறியது. கோ ஃபெர்ஸ்ட் 2023 மே மாதத்தில் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தது. இத்தொழிலில் விழுவது புதினமன்று. அங்கே விழுந்த சுமையைப் பங்குதாரரும் கடன் கொடுத்தவரும் சுமந்தார்கள். ஊழியர்களும் பயணிகளும் சுமந்தார்கள் என்பது வருத்தத்துக்குரியது. ஆனால் விமானத்தையே கண்டிராத ஒருவரின் மளிகைச் சாமானில் அந்த நட்டம் நேரடியாக ஏறவில்லை. இங்கே ஏறியது.

அது எப்படி என்று கேட்டால், மாத்தளை நகரத்துச் சில்லறைக் கடை ஒன்றில் நான் பலதடவை கண்ட ஒரு காட்சியைச் சொல்லவேண்டும். தோட்டத்திலிருந்து சம்பள நாளன்று இறங்கிவரும் ஒரு தாய். அரைக் கிலோ பருப்பு, ஒரு கிலோ சீனி, கொஞ்சம் வெங்காயம், செத்தல் மிளகாய், ஒரு டின் மீன். மகள் குவைத்தில் இருக்கிறாள். இவர் கட்டுநாயக்கவை ஒரு தடவை மட்டுமே கண்டவர். அதுவும் மகளை வழியனுப்பப் போன நாளில். அவர் எந்த வரிக் கோப்பிலும் இல்லை. ஆனால் அவர் கூடையிலுள்ள அந்தப் பொருள்களின் மீதே இறக்குமதியின்போது கிலோவுக்கு இவ்வளவென்று வரி விதிக்க வழிசெய்யும் விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம் நிறைவேறியது, 2007ஆம் ஆண்டில். மிஹின் லங்கா பறக்கத் தொடங்கிய அதே ஆண்டு. ஒன்றுக்காக மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. தம்புள்ளை, கலேவளை வெங்காய விவசாயிகளுக்கு அந்த வரி சில வேளைகளில் பாதுகாப்பாகவும் இருந்திருக்கிறது. நான் சொல்வது இவ்வளவுதான்: திறைசேரியின் வாசல் ஒன்றுதான். இந்தத் தாயின் பருப்புக் காசும் விமான நட்டத்துக்குப் போன காசும் அதே வாசலால் உள்ளே போய் வெளியே வந்தவை.

மிஹின் லங்கா மூடப்பட்ட அதே 2016 ஒக்டோபரில் இன்னொன்றும் நடந்தது. தோட்டத் தொழிலாளரின் புதிய கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டுப் போராடியவர்களுக்கு எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து 730 ரூபா கிடைத்தது. அதிலும் அடிப்படைச் சம்பளம் 500. ஆயிரத்தைத் தொட 2021வரை காத்திருந்தார்கள். பெரும்பாலான தோட்டங்களில் அச்சம்பளத்தைக் கொடுப்பவை தனியார் கம்பனிகள் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் அரசாங்கமே முதலாளியாக உள்ள தோட்டங்களும் எங்கள் மலைகளில் இருக்கின்றன. மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பெருந்தோட்ட நிறுவனம் ஆகியவை தொழிலாளரின் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் ஆண்டுக்கணக்கில் நிலுவை வைத்த கதை பாராளுமன்றத்தில் பலதடவை பேசப்பட்டது. கொழுந்து பறித்து முதுகு வளைந்தவருக்குக் கொடுக்கவேண்டிய பணத்துக்கு வழியில்லை என்ற அதே அரசுக்கு, வாடகை விமானத்துக்கு டொலர் கொடுக்க வழி இருந்தது. தனியார் துறையினரின் முதுமைக்கென்று சேர்க்கப்படும் ஊழியர் சேமலாப நிதியின் ஒரு பகுதிகூட ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் பங்குகளில் இடப்பட்டது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளை கட்டியவர்கள் அந்த இடியை மாத்தளைக்கும் அனுப்பிவைத்தார்கள்.

மிஹின் லங்கா மூடப்பட்டபோது அதன் பயணத் தடங்கள் ஸ்ரீலங்கனிடம் கைமாறின. பெயர் மறைந்தது, பழக்கம் மறையவில்லை. அரசாங்க உத்தரவாதத்தோடு ஸ்ரீலங்கன் 2019இல் வெளியிட்ட 175 மில்லியன் டொலர் கடன்பத்திரம் 2024 ஜூனில் முதிர்ந்தபோது திருப்பிச் செலுத்தப்படவில்லை. அதை விற்கும் முயற்சியை 2024இன் இறுதியில் புதிய அரசாங்கம் கைவிட்டு, அரசின் கையிலேயே வைத்துச் சீர்திருத்தப் போவதாக அறிவித்தது. மிஹின் லங்காவைப் பற்றி இன்று எழுதவேண்டிய காரணம் இதுதான். அதே பாதையில் மறுபடி காலெடுத்து வைக்கிறோம்.

விற்கத்தான் வேண்டும் என்று நான் வாதிடமாட்டேன். தேசிய விமானச் சேவை வேண்டுமென்பது நேர்மையான ஒரு விருப்பம். ஆனால் அதற்கு விலை உண்டு. அந்த விலையை மக்களிடம் சொல்லவேண்டும். எந்தத் தடத்தில் எவ்வளவு நட்டம், அந்தத் தடம் யாருக்காக ஓடுகிறது, அதற்குத் திறைசேரி கொடுத்தது எவ்வளவு என்பவற்றை வரவுசெலவுத் திட்டத்தில் தனி வரியாக எழுதி, தமிழிலும் சிங்களத்திலும் ஆண்டுதோறும் வெளியிடட்டும். பணிப்பெண்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் உதவுவதுதான் நோக்கமென்றால், அவர்களின் சீட்டுக்கு மானியம் கொடுப்பது ஒரு விமான நிறுவனம் நடத்துவதைவிட மிக மலிவு. எயார் அரேபியாவும் ஃபிளை டுபாயும் கொழும்புக்கு மலிவாகப் பறந்துகொண்டுதான் இருந்தன. இலங்கைத் தனியார் நிறுவனமான ஃபிட்ஸ் எயாரும் 2022 முதல் மலிவுக் கட்டணச் சர்வதேசச் சேவை நடத்துகிறது. விழுந்தாலும் எழுந்தாலும் அது அவர்கள் முதல்.

மாத்தளை நகருக்கு வடக்கே, தம்புள்ளை வீதியில் சிறிது தூரம் போனால் அலுவிகாரை வரும். வாய்வழியாகவே வந்துகொண்டிருந்த பௌத்த மறைநூல்கள் அழிந்துவிடுமோ என்று அஞ்சிய பிக்குமார், அங்கேயுள்ள குகைகளில் கூடி, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் முதன்முதலாக ஏட்டில் எழுதிவைத்தார்கள் என்பது மரபு. எழுதாதது தொலைந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மகிந்த தேரரின் பெயரை விமானத்தில் எழுதியவர்கள், அவர் கொண்டுவந்த போதனையைக் காத்த அந்தப் பிக்குமாரிடமிருந்து கணக்கெழுதும் பழக்கத்தையும் கற்றிருக்கலாம்.

கனடா நண்பர் அடுத்த மாசி மகத்துக்கு வருவதாக எழுதியிருக்கிறார். கட்டுநாயக்கவில்தான் இறங்குவார். குருநாகல் வழியாக வரச் சொல்லியிருக்கிறேன்.