ஒழுகும் மீன்தொட்டியைத் தூக்கி எறியாதீர்கள்

பள்ளி அறிவியல் கூடத்தின் மூலையில் காலியாகக் கிடக்கும் கண்ணாடித் தொட்டியை நீங்கள் பார்த்திருக்கலாம். ஒரு நாள் கீழே கசிந்தது, மேசை நனைந்தது, அத்தோடு அது 'உடைந்த தொட்டி' ஆகிவிட்டது. உண்மையில் பெரும்பாலும் கெட்டுப்போவது கண்ணாடி அல்ல. கண்ணாடிகளின் மூலையை மூடியிருக்கும் சிலிக்கோன்தான் கெடுகிறது. அதைப் புதுப்பிக்க ஒரு குழாய் சிலிக்கோன், ஒரு சவரக்கத்தி, ஒரு வாரப் பொறுமை போதும். ஆசிரியர் துணையோடு நீங்களே செய்யலாம், செய்யவும் வேண்டும் என்கிறேன்.

தொட்டியைவிட எனக்கு அதிலிருந்த மீனைப் பற்றித்தான் கவலை. தொட்டி ஒழுகினால் மீன் எங்கே போகிறது? பேராக்கில் இதற்குப் பதில் பக்கத்திலேயே இருக்கிறது: ஈயக்குட்டை. "பாவம், எங்காவது பிழைக்கட்டும்" என்று விட்டுவிடுகிறோம். பிழைத்தும் விடுகிறது, அதுதான் சிக்கல். தென் அமெரிக்க மீனான பீக்காக் பாஸ் இன்று கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈயக்குட்டைகளில் குஞ்சு பொரித்துப் பெருகி, சின்ன மீன்களை விழுங்குகிறது. கண்ணாடியில் படியும் பாசியைத் தின்ன நாம் வாங்கும் இக்கான் பண்டாராயாவும் அந்தக் கண்டத்து மீன்தான். நம் நாட்டு ஆறுகளில் அதைப் பார்க்காத தூண்டில்காரர் குறைவு. தானாக நீந்தி வந்த மீன்கள் அல்ல இவை.

சரி, சிலிக்கோனுக்கு வருவோம். குழாயைத் திறந்ததும் காடி வாடை மூக்கைத் துளைக்கும். தோட்டத்தில் வளர்ந்த உங்கள் தாத்தா பாட்டிக்கு அது பால் உறைய வைக்கும் ஆசிட்டை நினைவூட்டலாம். ஹியூ லோ 1877-இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளோடு பேராக்கில் தொடங்கிய கித்தாவும் இந்தக் குழாயில் இருப்பதும் தூரத்து உறவுதான். இரண்டுமே இழுத்தால் நீளும் பலபடிகள். கித்தாப் பாலில் ஃபார்மிக் அமிலத்தை நாம் வெளியிலிருந்து ஊற்றுகிறோம். ரப்பர் துகள்களைச் சுற்றியுள்ள எதிர்மின்னூட்டத்தை அமிலம் நீக்க, துகள்கள் மோதி ஒட்டிக் கட்டியாகின்றன. சிலிக்கோனில் கதை தலைகீழ். காற்றின் ஈரம் உள்ளே போகிறது, அசெட்டிக் அமிலம் வெளியே வருகிறது, சங்கிலிகள் பிணைந்து இறுகுகின்றன. ஃபார்மிக், அசெட்டிக் இரண்டும் கார்பாக்சிலிக் அமிலங்கள்தான். படிவம் 5 வேதியியலில் தனித்தனியாகப் படிக்கும் பாடங்கள் ஒரு மீன்தொட்டியில் சந்திக்கின்றன!

அப்படியென்றால் நம் கித்தாவையே பூசலாமே என்று கேட்பீர்கள். கித்தாவின் சங்கிலி கார்பனால் ஆனது, இடையிடையே இரட்டைப் பிணைப்புகள் உண்டு. ஓசோனும் வெயிலும் அங்கேதான் கை வைக்கும். பழைய ரப்பர் பேண்ட் வெடித்துப் போவதைப் பாருங்கள். சிலிக்கோனின் முதுகெலும்பு சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறி அமைந்தது. கண்ணாடியும் அவ்விரண்டை அடிப்படையாகக் கொண்டதுதான். ஆகவே சிலிக்கோன் கண்ணாடியை இறுகப் பற்றிக்கொள்கிறது.

விந்தை என்னவென்றால், கண்ணாடியைப் பற்றும் அதே சிலிக்கோன், இறுகிப்போன பழைய சிலிக்கோனைப் பற்றுவதில்லை. கசியும் இடத்தின் மேல் புதிதாகக் கொஞ்சம் அப்புவதுதான் நம்மவர் வழக்கம். அது சில வாரம் தாங்கும், பிறகு தோல் உரிவதுபோல் உரியும். உள்மூலைகளில் இருக்கும் பழையது முழுவதையும் சுரண்டியே ஆகவேண்டும். கண்ணுக்குத் தெரியாத படலம்கூட மிஞ்சக்கூடாது. மிஞ்சியதா என்று கண்டுபிடிக்க ஒரு துளி நீர் போதும். சுத்தமான கண்ணாடியில் துளி பரவும், சிலிக்கோன் ஒட்டிய இடத்தில் முத்துப்போல் உருண்டு நிற்கும். பிறகு ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மூலைகளில் இடைவிடாமல் ஒரே கோடாகப் பூசி விரலால் நீவிவிடுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். கத்தியைப் பிடிக்கும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும்.

கடையில் வாங்கும்போது ஒன்றில் மட்டும் ஏமாறாதீர்கள். குளியலறைக்கான சிலிக்கோனில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும். அது மீனுக்கு நஞ்சு. மீன்தொட்டிக்கு உகந்தது என்று குழாயிலேயே எழுதியிருக்க வேண்டும்.

எல்லாத் தொட்டியையும் காப்பாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிரப்பினால் 54 லிட்டர். முன் கண்ணாடியை அது ஏறக்குறைய 265 நியூட்டன் விசையோடு தள்ளுகிறது, கிட்டத்தட்ட 27 கிலோ எடை. நீரின் உயரத்தை இரு மடங்காக்கினால் விசை நான்கு மடங்கு. அழுத்தமும் கூடுகிறது, நீர் படும் பரப்பும் கூடுகிறது அல்லவா? ஆகவே உயரமான தொட்டி, கண்ணாடியில் விரிசல் கண்ட தொட்டி, இரு கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கும் ஒட்டே விட்டுப்போன தொட்டி, இவற்றைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். சின்னத் தொட்டியின் உள்மூலைக் கசிவு உங்களுக்குப் போதும்.

நம் ஊர் ஈரக்காற்று இந்த வேலைக்கு நல்ல துணை. ஆனாலும் மேல்தோல் காய்ந்ததைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். உள்ளே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இறுகும். வாடை முற்றிலும் அடங்க ஒரு வாரம் விடுங்கள். பிறகு வெளியே சமதரையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நீர் நிரப்பி, இரண்டு நாள் கவனித்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். எஞ்சிய அமிலமும் அதோடு போகும்.

அதுவரை மீன்கள் வாளியில் இருக்கட்டும், பழைய தொட்டி நீரோடும் காற்றுக்குழாயோடும். வடிகட்டிப் பஞ்சையும் குழாய் நீரில் கழுவாமல் அதே வாளியில் போடுங்கள். மீன்கழிவின் அம்மோனியாவைச் சமாளிக்கும் பாக்டீரியாக்கள் அதில்தான் குடியிருக்கின்றன.